நாலு இலக்க ரகசியம்

பினாங்கில் பிறந்து வளர்ந்த எவர் கையிலும் நாலு இலக்க எண் ஒன்றை எழுதிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவர் நேரே எந்தக் கடைக்குப் போவார் என்பது இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

எங்கள் ஆய்வு மையம் கெலுகோரில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே பல்லைப் பிடுங்குகிறார்கள், மேலே நாங்கள் உண்மையைப் பிடுங்குகிறோம். சூதாட்டம் மனிதர்களை எப்படிக் கெடுக்கிறது, அதனால் எத்தனை பேர் சாக நினைக்கிறார்கள், அவர்களை எப்படித் தடுப்பது என்பதுதான் ஆய்வு. தலைமை ஆய்வாளர் முனைவர் கீர்த்திகா. வயது முப்பத்தாறு, கெட்டிக்காரி, நல்ல மனசு. கெட்டிக்காரத்தனமும் நல்ல மனசும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் யார் சொன்னாலும் காதில் ஏறாது. நான் சிவகரன், தரவுப் பொறுப்பாளன். அடுத்தவர் நிரப்பிய படிவங்களை அடுக்கிப் பெட்டியில் பூட்டி, சாவியைத் தொலைக்காமல் வைத்திருப்பதற்கு அப்படி ஒரு பெயர்.

ஆனால் நான் சொல்ல வந்தது எங்களைப் பற்றி அல்ல, ராகினி அக்காவைப் பற்றி.

ராகினி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. என்னைப்போல யாழ்ப்பாணத்து வம்சம். பூட்டனார் மலாயா ரயில்வேயில் கிளார்க்காக வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தக் குடும்ப மரம் டாக்டர்களையும் வக்கீல்களையும் தலைமையாசிரியர்களையும் மட்டுமே காய்த்து வந்தது. நடுவில் அக்கா ஒருத்தர்தான் படிப்பு ஏறாமல், பத்து ஃபெரிங்கி என்ற ஊரில் ஒரு கடற்கரை ஓட்டலில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலைக்குப் போனார். முப்பத்தொரு வருடம் அதே நாற்காலி. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவரை அறிமுகப்படுத்தும்போது, "டெலிகம்ஸ்ல இருந்தாங்க" என்பார்கள். ஓட்டல் என்ற சொல்லை வாயில் எடுத்தால் பல்லில் கறை பிடித்துவிடும் அல்லவா. ஒரு தம்பி ஈப்போவில் இதய நிபுணர், இன்னொரு தம்பி மெல்பர்னில் என்னவோ பெரிய பதவி. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது ஏன் என்று கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் அப்போது டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் சீட்டுக்கட்டு நுழைந்ததில்லை. சிவராத்திரிக்குக் கண் விழிக்கக்கூடத் தாயக்கட்டை உருளாது. அக்கா தன் வாழ்நாளில் ஒரு லாட்டரிச் சீட்டைத் தொட்டதில்லை. இருக்கிற ஒரே சொத்து அந்தப் பெருமைதான் என்பதுபோல அதை அவ்வப்போது சொல்லுவார்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார முடியாமல் எங்களிடம் கேள்வியாளராகச் சேர்ந்தார். படிவத்தில் உள்ள கேள்விகளை வாசித்து, பதிலுக்கு நேரே குறியிட வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. அக்காவின் குரலைக் கேட்டால் சண்டைக்கு வந்தவன்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கேள்வியாளர்கள் ஆறு பேரில் மற்ற ஐந்து பேரிடம் ஜனங்கள் பொய் சொன்னார்கள். அக்காவிடம் மட்டும் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார்கள்.

ஆய்வில் பங்கெடுப்பவரின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பது முதல் விதி. அதனால் ஆளுக்கு ஓர் அட்டை, அட்டையில் ஓர் எண், பெயருக்குப் பதில் அந்த எண். நாலு இலக்கம். ஆயிரம் அட்டை அச்சடித்து வந்தது. கூட்டத்தில் அதைக் காட்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கொடுக்கிற சம்பளத்தில் வாய் திறக்கிற வேலை சேர்த்தி இல்லை. ராகினி அக்காதான் கையைத் தூக்கினார்.

"டாக்டர், இங்க நாலு நம்பர கையில கொடுத்தா ஜனங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க. எங்க ஓட்டல்ல ஒரு ரூம்ல யாராச்சும் செத்துட்டா போதும், மறுநாளே அந்த ரூம் நம்பருக்கு லாட்டரிக் கடையில லைன் நிக்கும்."

"அக்கா, அது மூடநம்பிக்கை. நாம சயன்ஸ் பண்றோம்" என்று கீர்த்திகா திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

முதல் இரண்டு வாரம் ஈ ஓட்டினோம். ஜெலுத்தோங் பாலாய் ராயாவில், அதாவது அந்த வட்டாரத்துப் பொது மண்டபத்தில், மேசை போட்டு உட்கார்ந்தால் கழிப்பறை எங்கே என்று கேட்பவர்கள்தான் வந்தார்கள். மூன்றாவது வாரம் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஓர் அம்மாவின் அட்டை எண் நாலு நம்பர் குலுக்கலில் ஆறுதல் பரிசு அடித்தது. அடுத்த நாள் காலை மண்டப வாசலில் வரிசை சாலைவரை நின்றது. புருஷன் பெண்டாட்டி தனித்தனியாக வந்தார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அறுபது கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "இந்த நம்பர்ல சூடு இல்ல லா, வேற ஒண்ணு கொடுங்க" என்றார்கள். சூதாட்டத்தால் உங்கள் குடும்பம் பாதிக்கப்பட்டதா என்று கேட்டால், "ஆமா, ரொம்ப" என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் அட்டைக்குக் கை நீட்டினார்கள்.

நாங்கள் சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்றுவிட்டோம் என்று கீர்த்திகா எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். நிதி கொடுத்தவர்கள் பாராட்டிப் பதில் எழுதினார்கள். அலுவலகத்தில் கேக் வெட்டினோம். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் யசோதரன் வந்தான். ஒரு வியாழக்கிழமை. நாற்பத்து மூன்று வயது, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், தினமும் கடல் பாலத்தைக் கடந்து மோட்டோ சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். அக்கா விதியை மீறுவதற்கு மூன்று நிமிடம் போதுமாக இருந்தது. "அப்பா பேரு என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டார். பெயரே கேட்கக் கூடாத இடத்தில் அப்பன் பெயர். எங்கள் ஆட்களுக்கு ஒருவர் யார் மகன் என்று தெரியாமல் அவரிடம் மணி என்ன என்றுகூடக் கேட்க வராது. தலைமையாசிரியர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் மகன் என்று தெரிந்தது. அந்தப் பெயரைச் சொல்லும்போது அவன் மேசையைப் பார்த்தான்.

கைப்பேசியில் ஆடியிருக்கிறான், கடையில் நம்பர் எடுத்திருக்கிறான், கேட்ட இடத்திலெல்லாம் கடன் வாங்கியிருக்கிறான். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாவற்றையும் யாரோ ஒருவனுடைய கதைபோலச் சொன்னான். பக்கத்து மேசையில் படிவம் அடுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. முப்பத்தொன்றாவது கேள்விக்கு வந்தார்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா?

"ஆமா."

"இப்பவும் அந்த நெனப்பு இருக்கா தம்பி?"

"சனிக்கிழம வரைக்கும் பாக்கலாம்னு இருக்கேன் அக்கா."

கையிலிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினான். சனிக்கிழமை குலுக்கல். அந்த எண் அடித்தால் சரி. அடிக்காவிட்டால் என்ன என்பதை அவன் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்துக்கு எங்களிடம் நெறிமுறை உண்டு. சதுரக் கட்டத்துக்குள் எழுதியிருக்கும் நன்றி வாசகத்தை வாசித்து, உதவி எண் உள்ள துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, பொறுப்பில் இருக்கும் மனநல ஆலோசகரைக் கைப்பேசியில் அழைக்க வேண்டும். அக்கா வாசித்தார், கொடுத்தார், அழைத்தார். ஆலோசகர் சல்மா எடுக்கவில்லை. அன்றைக்கு ஆலோசகர்கள் எல்லாரும் ஒரு பெரிய ஓட்டலில், ஆபத்தில் இருப்பவரின் அழைப்பை உடனடியாக எடுப்பது எப்படி என்ற பயிலரங்கில் இருந்தார்கள். தொந்தரவு இருக்கக் கூடாதென்று வாசலிலேயே கைப்பேசிகளைக் கூடையில் வாங்கி வைத்துவிட்டார்களாம். சல்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். தங்கமான பெண். கூடையைப் பிடித்தவன் எவனோ அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

யசோதரன் எழுந்துவிட்டான். நம்பர் கேட்கும் கூட்டம் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றது. முப்பத்தொரு வருடமாக அக்கா செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். மறுமுனையில் ஆள் கிடைக்கும்வரை இந்த முனையில் இருப்பவரை விட்டுவிடாமல் பிடித்து வைத்திருப்பது. அதைத்தான் செய்தார்.

"தம்பி, அந்தக் கார்ட கொடுங்க. அது தப்பு. ஒங்களுக்கு வர வேண்டியது அது இல்ல."

"தப்பா?"

"ஒங்களோட சரியான நம்பர் திங்கக்கிழமதான் வரும். காலைல ஒம்பது மணி, மார்க்கெட் பக்கத்து கிளினிக், மாடியில சல்மா ரூம். நானே கொண்டு வந்து கொடுப்பேன்."

"அப்ப சனிக்கிழம இது அடிக்காதா அக்கா?"

"அடிக்காது."

அந்த ஒரு வார்த்தையை எவ்வளவு நிச்சயமாகச் சொன்னார் என்றால், எனக்கே அந்த எண்ணின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. யசோதரன் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "ஒம்பது மணிதானே?" என்று கேட்டான்.

சாயங்காலம் அக்கா வாங்கி வைத்திருந்த எண்ணில் சல்மா அவனை அழைத்து அழைத்துச் சலித்துப்போனார். தெரியாத எண் என்றால் அவன் எடுக்க மாட்டான், கடன்காரன் என்று நினைப்பான். சனியும் ஞாயிறும் அக்கா எப்படிக் கழித்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, வீடு கூட்டியதாகச் சொன்னார். திங்கட்கிழமை எட்டரைக்கே யசோதரன் கிளினிக் வாசலில் நின்றான்.

அக்கா சட்டம் போட்டுவிட்டார். முதலில் சல்மாவோடு அரை மணி நேரம் பேச வேண்டும், வெளியே வந்த பிறகுதான் அட்டை. மூன்றாவது திங்களுக்குள் சல்மா அவனைக் கீழே டாக்டரிடம் அனுப்பி மாத்திரை வாங்க வைத்துவிட்டார். கடன்காரர்களோடு தவணை பேச ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்தார். கைப்பேசியில் இருந்த விளையாட்டுகளை அவன் கையாலேயே அழிக்க வைத்தார். அறைக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. "கதவுக்கு அந்தப் பக்கம் என் டிப்பார்ட்மெண்ட் இல்ல" என்பார்.

இதற்கிடையில் கூட்டம் எதற்கு வருகிறது என்பது கீர்த்திகாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஆய்வை அங்கீகரித்த நெறிக்குழுவின் உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தன் மனைவிக்கு நல்ல எண்ணாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டாராம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கீர்த்திகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாவம், அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. சூதாட்டத்தின் தீங்கை ஆராயக் கிளம்பி ஜெலுத்தோங்கில் பாதிப் பேருக்கு நம்பர் விநியோகம் செய்திருக்கிறோம். மறுநாளே எண்களை ஒழித்து எழுத்துகளுக்கு மாறினோம். சமூகத்தின் நம்பிக்கை ஒரே மத்தியானத்தில் வீட்டுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த பழைய அட்டைகளை எண்ணி அழிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் வழக்கம்போல் அதை மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

அந்த மூன்று மாதமும் அக்கா திங்கள்தோறும் நான் பூட்டாமல் விட்டிருந்த அந்தப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். வெறும் அட்டையைக் கொடுத்தால் எடுபடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டினார். ஆயுசில் சீட்டே வாங்காதவருக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. ஒரு நாள் நானே போய்ப் பார்த்தேன், படிவம் வாங்கிவரும் சாக்கில். "தம்பி, நேத்து பஸ்ல வரேன், முன்னால போற லாரியில இதே நம்பர். எறங்கிப் பாக்கறேன், எங்க பிளாக்ல தண்ணி மீட்டர்லயும் இதே நம்பர். ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு" என்று கண்ணை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு வாரம் கனவு. அதற்கடுத்த வாரம் தண்ணீர்மலைக் கோயில் படியில் பூ விழுந்த கணக்கு. யசோதரன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்வான்.

பிறகு நான் என் கடமையைச் செய்தேன்.

அட்டைகளை எண்ணினேன். பதின்மூன்று அட்டை குறைந்தது. ஒன்று போனதை நானே பார்த்திருந்தேன், வாராவாரம் போனது தெரியாது. அக்காவிடம் கேட்டேன். "நான்தான் எடுத்தேன் சிவா" என்று ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பேசாமல் இருந்திருக்கலாம். எலி கடித்தது என்று எழுதியிருக்கலாம். ஆனால் நானும் நாலு தலைமுறையாகக் கோப்பு கட்டிய வம்சம். கணக்கு இடித்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, தேதி போட்டு, கீர்த்திகாவின் மேசையில் வைத்தேன். அதை எழுதி முடித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அக்கா, சூதாட்டத்துக்கு மருந்து சூதாட்டமா?" என்று கீர்த்திகா கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"அவரு உயிரோட இருக்காரு டாக்டர்."

"அது எவிடன்ஸ் இல்லக்கா."

ஓர் ஆள் உயிரோடு இருப்பது சான்று ஆகாது. அதற்கு ஆயிரம் பேர் வேண்டும், அதில் ஐந்நூறு பேரை ஒன்றும் செய்யாமல் விட்டுப் பார்க்க வேண்டும். கீர்த்திகா சொன்னது விஞ்ஞானப்படி சரி. சொல்லப்போனால் விதிப்படியும் சரி. விசாரணை முடியும்வரை அக்கா வேலைக்கு வரக் கூடாது, ஆய்வில் பங்கெடுத்த எவரையும் தொடர்புகொள்ளக் கூடாது என்று முடிவாயிற்று. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் போய்வருகிறேன் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அடுத்த திங்கள் யசோதரன் கிளினிக்குக்கு வந்திருக்கிறான். அக்கா எங்கே என்று கேட்டிருக்கிறான். லீவு என்று சல்மா சொன்னதும், உட்காராமலே போய்விட்டான். அதற்கடுத்த திங்கள் வரவில்லை. கைப்பேசி அணைந்திருந்தது. வேலைக்கும் போகவில்லை. மத்தியானம் சல்மா எங்கள் மாடியேறி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"லெட்டர் எழுதினது நீங்கதானே? இப்ப அவரு எங்கன்னும் நீங்களே சொல்லுங்க."

கிளினிக் பதிவிலிருந்த அவன் முகவரியை அவரிடம் வாங்கிக்கொண்டு எழுந்தேன். பத்து நிமிடத்தில் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வழியில் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. ஒன்பது மாடி. அக்கா எனக்கு முன்னால் ஏறினார். ஆறாவது மாடியில் எனக்கு மூச்சு வாங்கியது. பயமா களைப்பா என்று தெரியவில்லை. பயம்தான். நான் எழுதிய ஒரு பக்கக் கடிதம் ஒரு மனிதனைக் கொன்றிருக்குமோ என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டு ஏறினேன்.

கதவைத் தட்டினோம். பதில் இல்லை. அக்கா தன் ஓட்டல் குரலில் கூப்பிட்டார், பிறகு கத்தினார். பக்கத்து வீட்டு மர்ஜானா என்ற பெண் எட்டிப் பார்த்து, அவர் காலையில் மோட்டோவை எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் வரவில்லை என்று மலாயில் சொன்னாள். அக்கா கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீசைக் கூப்பிடலாம் என்று நான் கைப்பேசியை எடுத்தேன்.

அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. யசோதரன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஏறி வந்தான். எங்களைப் பார்த்தான். அக்காவைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா! நீங்க நல்லா இருக்கீங்களா?"

அதை நாங்கள் அல்லவா கேட்க வேண்டும்.

"எங்க போயிட்டீங்க தம்பி?" என்று அக்கா அழுதார்.

"ஒங்களத்தான் தேடிப் போனேன். பாலாய் ராயாவுக்குப் போனேன், மேச இல்ல. ஓட்டல்ல இருந்தேன்னு ஒரு நாள் சொன்னீங்க, இன்னிக்கு பத்து ஃபெரிங்கி முழுக்க ஓட்டல் ஓட்டலா கேட்டுட்டு வரேன். ஃபோன் பேட்டரி செத்துப் போச்சு. ஒங்களுக்கு என்னவோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன் அக்கா."

"எனக்கு என்ன ஆகும்?"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சொல்லலாமா என்று தயங்கியது தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நீங்க கொடுத்ததுல மொத ரெண்டு நம்பர்தான் எடுத்தேன். அதுக்கப்புறம் எடுக்கல. ஒங்க நெலமயப் பாத்து எனக்கே வேணாம்னு ஆயிருச்சு. லாரி நம்பருங்கிறீங்க, மீட்டர் நம்பருங்கிறீங்க, தூக்கத்துல கூட நம்பர். இவ்வளவு முத்திப் போச்சே, வீட்ல கேக்க ஒரு ஆளு இல்லையேன்னு நெனச்சேன். நான் வரலைன்னா நீங்க யார்கிட்ட போயி சொல்லுவீங்க? அதுக்காகத்தான் ஒவ்வொரு திங்களும் வந்தேன். சல்மா மிஸ்கிட்ட கூட சொன்னேன், என்னைய விடுங்க, மொதல்ல இந்த அக்காவப் பாருங்கன்னு. அவங்க சிரிச்சாங்க. எனக்கு அன்னிக்கு செம கோவம்."

நான் சுவரைப் பார்த்தேன். அக்காவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தாயக்கட்டை உருளாத வீட்டுப் பெண்ணைப் பார்த்து, தலைமையாசிரியர் மகன், சூதாட்டம் முற்றிப்போன கேஸ் என்கிறான். இப்போது குடும்ப சரித்திரம் முழுவதும் வரப்போகிறது, பூட்டனார் ரயிலேறி வந்ததிலிருந்து தொடங்கும் என்று நினைத்தேன். அக்கா வாயைத் திறக்கத்தான் செய்தார். யசோதரனின் முகத்தைப் பார்த்தார். நாலு மாதம் முன்னால் சனிக்கிழமைவரை மட்டும் வைத்திருந்த முகம், இப்போது வெயிலில் கறுத்து, கவலையில் வியர்த்து, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டார்.

"ஆமா தம்பி" என்றார் பிறகு. "என்னால விட முடியல."

"நான் இருக்கேன்ல. திங்கக்கிழம வாங்க, நானே சல்மா மிஸ்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அன்றிரவே கீர்த்திகாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆய்வில் பங்கெடுத்தவரை அக்கா தொடர்புகொள்ளக் கூடாது என்ற தடை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு நோயாளி இன்னொரு நோயாளியோடு பேசக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன், வேண்டிய மட்டும் கோப்பு கட்டிய வம்சமாயிற்றே. கீர்த்திகா ஆய்வு அட்டவணையைத் திறந்தார். "இத எந்தக் காலம்ல போடறது?" என்று கேட்டார். எந்தக் காலத்திலும் போட வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை கிளினிக்கில் அக்கா அடையாள அட்டையைக் கொடுத்துத் தன் பெயரில் பதிந்துகொண்டார். தகப்பன் பெயர் உட்பட முழுப் பெயர். மூடிய அறையில் நடக்க வேண்டியதை முகப்பில் இருந்த பெண் ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள். வரிசையில் பிரஷர் மாத்திரைக்கு வள்ளிநாயகி மாமி உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒருவரின் விதவை, எங்கள் ஆட்களுக்குள் செய்தி அனுப்ப தபால் நிலையத்தைவிட வேகமான வசதி. நான் யசோதரனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"என்ன பிள்ளை ராகினி, உனக்கும் பிரஷரா?"

"இல்ல மாமி. சூதாட்டப் பழக்கம். அதுக்கு வைத்தியம் பாக்க வந்தேன்."

மாமியின் கைப்பை மடியிலிருந்து நழுவியது. சாயங்காலத்துக்குள் ஈப்போவில் இதயங்கள் நிற்கும், மெல்பர்னில் தொலைபேசி அடிக்கும். அக்காவுக்கும் அது தெரியும். காதோரம் சிவந்திருந்தது, ஆனால் குனியாமல் உட்கார்ந்திருந்தார். மாமி ஏதோ கேட்க வாயெடுத்தார். யசோதரன் எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து, கீழே கிடந்த கைப்பையை எடுத்துத் தூசி தட்டி மரியாதையாக மாமியிடம் கொடுத்தான்.

"அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க ஆண்ட்டி. நல்லா தேறிட்டு வராங்க. முழுசா விட ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகுமாம். ஆகட்டும். அதுவரைக்கும் நான் கூட இருப்பேன்."